பட்டறை பதில்கள்: காடி கோணினால் கத்தியைத் திட்டாதீர்கள்

போன இதழில் ஸ்டான்லி 45 இழைப்புளியைப் பற்றி ஒரு வாசகருக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்துப் பார்த்தவர்கள், ஆசையாக வாங்கிவிட்டுக் காடி (பலகையில் எடுக்கும் நீளப் பள்ளம்) நேராக வராமல் தவிப்பவர்கள், என் தவற்றைச் சுட்டிக்காட்டியவர் என்று பல விதம். அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் கத்தியை மாற்றிப் பல வேலை செய்யும் பழைய காம்பினேஷன் இழைப்புளிகளுக்கே கொடுத்துவிடுகிறேன். என்னுடைய 45 என் கைக்கு வந்து 26 வருடம் ஆகிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி அது எனக்குக் கற்றுக்கொடுத்தது.

தாத்தாவின் மரப்பெட்டியில் ஒரு விசித்திரமான இழைப்புளி இருந்தது. இரும்பு உடல், மரப் பிடி, குறுக்கே இரண்டு கம்பிகள். பக்கவாட்டில் 45 என்று இருக்கிறது. கூடவே சிறு சிறு கத்திகள் 14. இது என்ன, முழுமையாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – ஒரு வாசகி

உங்கள் தாத்தா நல்ல பொருளை விட்டுப் போயிருக்கிறார், அம்மா. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ பிரிட்டன் நகரில் இருந்த ஸ்டான்லி நிறுவனத்துக்காக ஜஸ்டஸ் டிராட் என்பவர் வடிவமைத்தது இது. 1884 வாக்கில் விற்பனைக்கு வந்து 1962 வரை நீடித்தது. அதற்கு முன்பு காடிக்கு ஒரு இழைப்புளி, ரிபேட்டுக்கு (விளிம்பில் படி போல எடுக்கும் வெட்டு) ஒன்று, பீடிங்குக்கு (விளிம்பில் ஓடும் உருண்டையான அலங்கார வரி) ஒவ்வொரு அளவுக்கும் ஒன்று என்று கட்டை இழைப்புளிகளைப் பெட்டி நிறையச் சுமந்தார்கள். அந்தப் பெட்டியை ஒரே இரும்பு உடலுக்குள் அடக்கப் பார்த்ததுதான் 45. இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து ரெக்கார்ட் நிறுவனம் 1930களில் கொண்டுவந்த 405 இதே அச்சில் வார்த்தது. ஒன்றின் கத்தி மற்றொன்றில் பெரும்பாலும் பொருந்தும்.

முழுமையாக இருக்கிறதா என்று பார்க்கக் கத்திகளை எண்ண வேண்டாம். எல்லோரும் முதலில் அதைத்தான் செய்கிறார்கள். பிற்காலத்தில் பெட்டியோடு 23 கத்திகள் கொடுத்தார்கள், உங்களிடம் 14 இருக்கிறது, போதும். காடிக்கு மூன்று, பீடிங்குக்கு இரண்டு, காடியில் பொருந்தும் நாக்கைப் பலகை விளிம்பில் எடுக்க ஒன்று. இந்த ஆறை வைத்துக்கொண்டு நான் வருடக்கணக்கில் வேலை செய்திருக்கிறேன்.

பார்க்க வேண்டியது உடலை. பிடியோடு சேர்ந்த பெரிய உடல், கம்பிகளில் ஏறி நகரும் இரண்டாவது உடல், பலகையின் விளிம்பை ஒட்டி ஓடி வழிகாட்டும், மரப்பட்டி பதித்த ஃபென்ஸ், இரண்டு கம்பிகள், கத்தியை இறுக்கும் திருகு, ஆழத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு. இவை இருந்தால் உங்களிடம் இழைப்புளி இருக்கிறது. நகரும் உடல் இல்லையென்றால் குறுகிய காடி மட்டும் எடுக்கலாம், அகலக் கத்திக்கு மறுபக்கம் தாங்க ஆளில்லாமல் போய்விடும். மெல்லிய பட்டை கிழிக்கும் கத்தியோ, குழிவுக்கும் குவிவுக்குமான தனி அடிப்பாகங்களோ இல்லாவிட்டால் கவலையே வேண்டாம். அந்த அடிப்பாகங்கள் ஆரம்பத்திலிருந்தே தனியாக விற்கப்பட்டவைதான்.

திருகுகளை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டான்லி, திருகின் மரையை (சுருள் வரியை) பொது அளவில் வைக்காமல் தன் சொந்த அளவில் வைத்துக்கொண்ட நிறுவனம். ஒன்று தொலைந்தால் இன்றைய சாதாரணத் திருகு அந்தத் துளையில் ஏறாது. ஏறுகிறதே என்று பலவந்தமாக முறுக்கினால் வார்ப்பில் இருக்கும் மரையும் போய்விடும்.

வார்ப்பில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவிக் கால் மணி நேரம் விடுங்கள். நன்றாகத் துடைத்து உலர்த்தி, மேலே சாக்பீஸ் தூளைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து வெள்ளைத் தூளில் மெல்லிய கறுப்புக் கோடாகத் தெரியும். கம்பி நுழையும் துளைகளைச் சுற்றியும், கத்தி உட்காரும் இடத்தின் மூலைகளிலும் இதைச் செய்யுங்கள். கீழே விழுந்த இழைப்புளிகள் உடைவது அங்கேதான்.

கத்தியை மயிர் மழிக்கும் அளவுக்குத் தீட்டிவிட்டேன். ஆனாலும் காடி நேராக வரவில்லை. இரண்டு மில்லிமீட்டர் ஆழம்வரை அழகாக வெட்டுகிறது, அதற்குப் பிறகு எவ்வளவு தள்ளினாலும் மரத்தை எடுக்க மறுக்கிறது. ஒரு முனையில் காடி விளிம்பை விட்டு விலகியும் போகிறது. – மரவேலை கற்றுக்கொண்டிருக்கும் வாசகர்

தம்பி, நீங்கள் இரண்டு நோயைச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் கத்தி காரணமில்லை. முதல் நோயைக் கொண்டு நான் இரண்டு மாதம் பட்ட பாடு இன்னும் மறக்கவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

இழைப்புளியைத் தலைகீழாகப் பிடித்து, வெளிச்சம் எதிரே வரும்படி கண்ணுக்கு நேராக வையுங்கள். பெரிய உடலின் அடியில் ஒரு மெல்லிய இரும்புத் தகடு முன்னும் பின்னும் நீளமாக ஓடும். நகரும் உடலிலும் அதேபோல் ஒன்று. காடிக்குள் இறங்கிப் போவது இந்த இரண்டு தகடுகளும்தான். நடுவில் கத்தியின் முனை தெரியும். இப்போது கத்தியின் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். ஒவ்வொரு ஓரமும் அந்தந்தத் தகட்டின் வெளிமுகத்தைவிட ஒரு காகிதத்தின் கனம் வெளியே நிற்க வேண்டும். விரல் நகத்தைத் தகட்டின் மேல் வைத்து முன்னிருந்து பின்னாக நகர்த்தினால் கத்தியின் ஓரத்தில் நகம் மெல்லத் தட்ட வேண்டும்.

தட்டவில்லையென்றால் கத்தி உள்ளே ஒளிந்திருக்கிறது, தகடு வெளியே துருத்தியிருக்கிறது. கத்தி எடுக்கும் பள்ளத்தைவிடத் தகடுகளின் வெளி அகலம் அதிகம். தொடக்கத்தில் தகட்டின் கீழ்முனை மட்டும் உள்ளே போவதால் மரம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். ஆழம் ஏற ஏறக் காடியின் சுவர் தகட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். இழைப்புளி தொங்கி நிற்கும், கத்திக்கு மரம் எட்டாது. நீங்கள் சொல்லும் இரண்டு மில்லிமீட்டர் கணக்கு அதுதான்.

தீர்வு, நகரும் உடலைத் தளர்த்திக் கத்தியின் ஓரத்துக்கு உள்ளே ஒரு காகிதக் கனம் தள்ளி மறுபடி இறுக்குவது. பெரிய உடலின் பக்கம் அப்படி நகர்த்த முடியாது, அங்கே கத்தியைத்தான் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். முதலில் பெரிய உடல் பக்கம், பிறகு நகரும் உடல் பக்கம் என்ற வரிசையில் செய்யுங்கள். மாற்றிச் செய்தால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றொன்று கெடும். எனக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. கத்தியைத் தீட்டித் தீட்டியே அதன் நீளத்தில் கால்வாசியைத் தேய்த்துவிட்டேன். அந்த இரண்டு நூல் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது, மற்றவற்றைவிடக் குட்டையாக.

(இரண்டு நூல் என்றால் கால் அங்குலம். எட்டு நூல் ஓர் அங்குலம். இளம் வாசகர்கள் பலர் இதைக் கேட்டு எழுதுகிறார்கள், அதற்காகச் சொல்லி வைக்கிறேன்.)

இரண்டாவது நோய், விளிம்பை விட்டு விலகுவது. முதலில் ஃபென்ஸ் இணையாக இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். தகட்டின் முன்முனையிலிருந்து ஃபென்ஸ் வரை ஓர் அளவு, பின்முனையிலிருந்து ஓர் அளவு. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் உடனே திருகுகளில் பழி போடாமல் இரண்டு கம்பிகளையும் கழற்றிக் கண்ணாடித் தகட்டின் மேல் உருட்டுங்கள். நேரான கம்பி ஓசையில்லாமல் உருளும். வளைந்த கம்பி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை மேலெழும்பி விழும், அடியில் வெளிச்சம் வந்து வந்து போகும். எனக்கு இழைப்புளியை விற்றவர் நன்றாகத் தெரிந்தேதான் அப்படி ஒரு கம்பியோடு கொடுத்தார். குறையே இல்லை என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. பிறகு துளையில் ஆட்டமில்லாமல் நுழையும் விட்டத்தில் நேரான உருக்குக் கம்பி ஒன்றை வெட்டிப் போட்டேன். இன்றுவரை அதுதான் ஓடுகிறது.

கருவி சரியாக இருந்தும் விலகினால் கைப்பழக்கம் காரணம். சாதாரண இழைப்புளி மாதிரி பின்முனையில் ஆரம்பித்து ஒரே தள்ளாகத் தள்ளாதீர்கள். பலகையின் எதிர்முனையில் ஆரம்பியுங்கள். கடைசி ஒரு சாண் நீளத்தை மட்டும் வெட்டுங்கள். அடுத்த தள்ளு இரண்டு சாணுக்குப் பின்னாலிருந்து. இப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கி வந்தால் ஒவ்வொரு தள்ளும் ஏற்கெனவே வெட்டிய நேரான காடியில் போய் முடியும். மரத்தின் நார் பக்கவாட்டில் இழுத்தாலும் ஒரு சாணுக்குள் அதனால் பெரிய தவறு செய்ய முடியாது. முழு நீளத்துக்குக் காடி விழுந்த பிறகுதான் முழுத் தள்ளு.

இரண்டு கைக்கும் வேலை வேறு வேறு. வலது கை தள்ளும், அவ்வளவுதான். இடது கை ஃபென்ஸைப் பலகையின் விளிம்போடு அழுத்திப் பிடிக்கும், முன்னால் தள்ளுவதில் அதற்குப் பங்கே கிடையாது. ஃபென்ஸின் மரப்பட்டியிலும் தகடுகளின் அடியிலும் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். மெழுகு இல்லாமல் தள்ளினால் ஃபென்ஸ் விளிம்பில் பிடித்துக்கொண்டு நிற்கும், கையை அறியாமலே நீங்கள் இழைப்புளியைச் சாய்ப்பீர்கள், காடியின் சுவரும் சாயும்.

இரண்டு நூல் கத்தியால் எடுத்த காடியில் 6 மி.மீ. பிளைவுட் கடகடவென்று ஆடுகிறது. கத்தி தேய்ந்துவிட்டதா?

கத்தி சரியாக இருக்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ., பிளைவுட் 6 மி.மீ., பல சமயம் அதற்கும் குறைவு. ஒன்றரை நூல் கத்தி, அதாவது 4.76 மி.மீ., உங்கள் பெட்டியில் இருந்தால் அதில் காடி எடுங்கள். பிளைவுட்டின் பின்பக்க ஓரத்தை மட்டும் சுற்றிலும் இழைத்து மெலிதாக்கி அந்தக் காடியில் இறக்குங்கள். முன்பக்கம் பார்க்கச் சுத்தமாக உட்காரும். காடியை இரண்டு தடவை எடுத்து அகலப்படுத்துவதும் ஒரு வழிதான். ஆனால் இரண்டாவது தடவை கத்திக்கு ஒரு பக்கம் மட்டுமே மரம் இருக்கும், இழைப்புளி காலியான பக்கம் சாயும். எனக்கு அது பிடிப்பதில்லை.

அலமாரிப் பலகை உட்காரக் குறுக்குக் காடி எடுத்தேன். விளிம்பெல்லாம் பிய்ந்து நார் நாராக வந்துவிட்டது.

கத்திக்கு முன்னால் இரண்டு உடலிலும் சிறிய சக்கரம் போன்ற துண்டு ஒன்று திருகில் மாட்டியிருக்கும். மூன்று பக்கம் கூர்ப்பல், ஒரு பக்கம் பல் இல்லாத வெறுமை. நார் வாக்கில் வெட்டும்போது வெறுமையான பக்கம் கீழே இருக்க வேண்டும். குறுக்கே வெட்டும்போது ஒரு பல்லைக் கீழே திருப்பி இறுக்க வேண்டும். கத்தி வருவதற்கு முன் அந்தப் பல் நாரைக் கீறி அறுத்துவிடும். நீங்கள் திருப்ப மறந்திருப்பீர்கள், அல்லது பல் மழுங்கியிருக்கும். பல்லைத் தீட்டும்போது உட்பக்கத்தை மட்டும் சிறிய அரத்தால் தொடுங்கள். வெளிப்பக்கத்தைத் தேய்த்தால் கீறும் கோடு கத்தியின் ஓரத்தைவிட உள்ளே போய், திரும்பவும் பிய்க்கும்.

வெட்டத் தொடங்கும் முன் இழைப்புளியை இரண்டு மூன்று தடவை பின்பக்கமாக இழுங்கள். பற்கள் இரண்டு சுத்தமான கோடு போட்டுவிடும். பலகையின் நடுவில் வரும் காடிக்கு ஃபென்ஸ் எட்டாது, அதைக் கழற்றிவிட்டு, உடல் உரசி ஓடுவதற்கு ஒரு நேர்க்கட்டையைப் பலகையில் இறுக்குங்கள். கம்பிகளில் இடிக்காத உயரமுள்ள கட்டையாகப் பாருங்கள். காடி முடியும் விளிம்பில் ஒரு கழிவுக்கட்டையை ஒட்டிப் பிடித்தால் அங்கேயும் பிய்யாது.

தேக்கில் பீடிங் ஓட்டினால் பாதி தூரம் கண்ணாடி போல வருகிறது, மீதி பாதி கோழி கிளறியது போல ஆகிறது. ஏன்?

ஏனென்றால் பாதி தூரம் நார் உங்களோடு வருகிறது, மீதி தூரம் எதிர்த்து வருகிறது. இந்த இழைப்புளியின் உண்மையான குறை இது ஒன்றுதான், அதை மறைக்க மாட்டேன். சாதாரண இழைப்புளியில் கத்திக்கு முன்னால் அடிப்பலகை மரத்தை அழுத்திப் பிடிக்கும். நார் மேலே கிளம்பப் பார்த்தால் அந்த அழுத்தம் அங்கேயே ஒடித்துவிடும். பழைய கட்டை பீடிங் இழைப்புளியின் அடிப்பாகமும் பீடிங்கின் வடிவத்திலேயே இருக்கும். 45-இல் கத்தியின் இரண்டு ஓரத்தில் மட்டும் தகடு ஓடுகிறது, நடுவில் வெறும் காற்று. நார் பிளந்துகொண்டு கிளம்பினால் தடுக்க எதுவும் இல்லை.

ஆகவே மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே வேலை பாதி முடிந்துவிடுகிறது. பலகையின் பக்கவாட்டைப் பாருங்கள். நார்க்கோடுகள் நீங்கள் தள்ளும் திசையில் மேல்நோக்கி ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் முகடு போட்டு இறங்கினால் அந்தப் பலகையைக் கால், சட்டம் என்று வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். நேர்நார்ப் பலகை கிடைக்காத நிலையில், கத்தியை மிக மெலிதாக இறக்குங்கள், சீவல் வெங்காயத் தோல் மாதிரி விழ வேண்டும். தேக்கில் மணல்சத்து இருக்கிறது, கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும். நீளமான வேலையில் நடுவில் ஒரு தடவை கத்தியைக் கழற்றித் தீட்டச் சோம்பல்படாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பீடிங்கைப் பெரிய பலகையின் விளிம்பில் எடுக்காமல், நேர்நாருள்ள தனிப் பட்டையில் எடுத்துப் பிறகு ஒட்டுவது. நான் இப்போதெல்லாம் பாதி வேலையை அப்படித்தான் செய்கிறேன்.

45 வாங்கலாமா, 55 வாங்கலாமா?

45. ஸ்டான்லி 55 என்பது 1897-இல் வந்த பெரிய அண்ணன். நான்கு பெட்டியில் 55 கத்திகள், நகரும் உடலை மேலும் கீழும் ஏற்றி இறக்கும் வசதி, நடுவில் இன்னொரு தாங்கி, சாய்க்கக்கூடிய இரண்டு ஃபென்ஸ். விளம்பரங்களில் ஒரு மர ஆலைக்கே சமம் என்று பேசினார்கள். பொறியியலாகப் பார்த்தால் கைகூப்பத் தோன்றும். ஆனால் அகலமான அலங்கார வடிவக் கத்தியை அதில் பூட்டி ஒரு சாண் மரத்தில் சுத்தமாக ஓட்ட, ஏற்பாட்டுக்கே அரை மணி நேரம் ஆகும். அதன் பிறகும் மேலே தேக்குக்குச் சொன்ன குறை அகலத்துக்கு ஏற்ப அதிகமாகும். காடியும் ரிபேட்டும் பீடிங்கும் உங்களுக்குப் போதுமென்றால் 45 போதும். காடி மட்டுமே போதுமென்றால் ரெக்கார்ட் 044 மாதிரி சிறிய காடி இழைப்புளி இன்னும் இலகு.

போன இதழில் "45-இன் கத்திகள் எல்லாவற்றிலும் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருக்கும், திருகு அதில் மாட்டிக் கத்தியை ஏற்றி இறக்கும்" என்று எழுதியிருந்தீர்கள். என் பெட்டியில் உள்ள ஒரு கத்தியிலும் அந்த வெட்டு இல்லை. என் இழைப்புளியில் அப்படித் திருகும் இல்லை. – அனுபவமுள்ள வாசகர்

நீங்கள் சொல்வது சரி ஐயா. தவறு என்னுடையது. ஏற்றி இறக்கும் திருகு பிற்காலத்தில் சேர்ந்தது. ஆரம்ப கால 45-களில் அது கிடையாது, அவற்றின் கத்திகளிலும் வெட்டு இருக்காது. "எல்லாவற்றிலும்" என்று நான் எழுதியது என்னிடம் இருக்கும் ஒன்றை மட்டும் மனத்தில் வைத்து. உங்களுடையதில் கத்தியை விரலால் இறக்கி, சிறிய சுத்தியலால் தட்டி அமைக்க வேண்டும். பழகிவிட்டால் திருகைவிட வேகமாகவே செய்யலாம். புதிய பெட்டியிலிருந்து கத்தி கிடைத்தாலும் உங்கள் இழைப்புளியில் போடலாம். பழைய கத்தியைத் திருகுள்ள இழைப்புளியில் போட்டால் மட்டும் அந்தத் திருகால் பயனில்லை, தட்டித்தான் அமைக்க வேண்டும்.

துருப்பிடித்த 45-ஐ எப்படிப் பளபளப்பாக்குவது? கம்பி பிரஷ் பூட்டிய கிரைண்டர் என்னிடம் இருக்கிறது.

கிரைண்டரை அணைத்து வையுங்கள், தயவுசெய்து. 45-இன் உடல் வார்ப்பிரும்பு, மேலே மெல்லிய நிக்கல் முலாம். துரு முலாமுக்கு அடியில் புகுந்து அதைச் செதில் செதிலாகத் தூக்கியிருக்கும். கம்பி பிரஷ் அந்தச் செதில்களோடு நல்ல முலாமையும் பிய்த்துக்கொண்டு போகும். என்னுடையதைச் சுத்தம் செய்து தருவதாகச் சொன்ன ஒரு பட்டறையில் கொடுத்தேன். திரும்பி வந்தபோது எவர்சில்வர் டம்ளர் போல மின்னியது. வார்ப்பில் இருந்த கொடிவேலைப்பாட்டின் முனைகள் மழுங்கிப்போயிருந்தன. அதைவிட மோசம், தகட்டின் ஓரங்கள் உருண்டுவிட்டன. காடிக்குள் நேராக ஓட வேண்டிய ஓரங்கள் அவை. எண்ணெய்க்கல்லில் வைத்து அவற்றை மறுபடி நேராக்க ஒரு வாரம் ஆனது.

மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போடுங்கள். பழைய பல்துலக்கும் பிரஷ், அதற்கும் அசையாத இடத்தில் மிருதுவான பித்தளைப் பிரஷ். வினிகர், எலுமிச்சை அமிலம் போன்றவை வெறும் இரும்புக்கு நன்றாக வேலை செய்யும், முலாம் உள்ள பாகத்தில் அமிலம் செதிலுக்கு அடியில் தங்கிவிடும் என்பதால் நான் தவிர்க்கிறேன். கத்திகளுக்கு முலாம் இல்லை, அவற்றைத் தாராளமாக ஊற வைக்கலாம், ஓரிரு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கழுவியதும் உடனே உலர்த்தி எண்ணெய் தடவ வேண்டும். அசையாத திருகைக் குறடால் பிடித்து முறுக்காதீர்கள், தலையின் வரிகள் மழுங்கும். துளிதுளியாக எண்ணெய் விட்டு ஒரு நாள் காத்திருந்து, மரக்கட்டையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ரோஸ்வுட் பிடியைச் சுரண்ட வேண்டாம். மெழுகு தடவித் துணியால் தேய்த்தாலே நிறம் எழும்பிவிடும்.

சுழலும் கத்தியால் காடி எடுக்கும் ரௌட்டர் மிஷின் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

நூறு அடி பீடிங் வேண்டுமென்றால் மிஷினை எடுங்கள், நானும் அதைத்தான் எடுப்பேன். ஒரு சிறிய பெட்டிக்கு நான்கு பக்கமும் காடி வேண்டுமென்றால், மிஷினுக்கு பிட் மாற்றி, கைடு பொருத்தி, கண்ணாடி போட்டு, காது அடைத்து முடிப்பதற்குள் 45 அந்த நான்கு காடியையும் எடுத்துவிடும். இழைப்புளியை எப்போதும் இரண்டு நூல் காடிக்கே அமைத்து அலமாரியில் வைத்திருக்கிறேன், அதனால்தான் இது முடிகிறது. ஒவ்வொரு முறையும் கழற்றிப் பூட்டுகிறவருக்கு நான் சொன்ன கணக்கு பொருந்தாது. இன்னொன்று, மிஷின் தூசியை மூக்குக்குள் அனுப்புகிறது. இது சுருளைக் காலடியில் போடுகிறது. என் நுரையீரலுக்கு வயதாகிவிட்டது, எனக்கு இது பெரிய விஷயம்.

எனக்கு இடது கைப் பழக்கம். 45-ஐ மாற்றிப் பூட்ட முடியுமா?

முடியாது. ஃபென்ஸ் வழக்கமாக இடது பக்கம்தான் வரும், பிடியும் அதற்கேற்ற பெரிய உடலில்தான் இருக்கிறது. வலது கையால் தள்ளப் பழகிக்கொள்ளுங்கள். தள்ளுவது முரட்டு வேலை, ஃபென்ஸை அழுத்திப் பிடிப்பதுதான் நுணுக்கமான வேலை. அது உங்கள் நல்ல கையில் அமைவதால் வலக்கைக்காரர்களைவிட உங்களுக்கு நேராக வரக்கூடும். காடிக்கு மட்டும் என்றால் கனடாவின் வெரிட்டாஸ் நிறுவனம் சிறிய காடி இழைப்புளியை இடக்கைக்கும் தனியாகச் செய்கிறது.

பீடிங் கத்தியின் குழிவான முனையை எப்படித் தீட்டுவது? சாணைச் சக்கரத்தில் கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். சக்கரம் வடிவத்தைத் தின்றுவிடும், கத்தியும் சூடேறி நீலமாகும். நீலமான கத்தி கூர்மை தாங்காது. முதலில் தட்டையான பின்முகத்தை எண்ணெய்க்கல்லில் படுக்க வைத்து முனை வரை கண்ணாடி போல மின்னும்படி தேயுங்கள். சரிவுப் பக்கம் நல்ல நிலையில் இருந்தால் பெரும்பாலும் இதுவே போதும், வடிவமும் மாறாது. சரிவையும் தொட வேண்டியிருந்தால் குழிவைவிடச் சற்றே சிறிய விட்டமுள்ள உருண்டைக் குச்சி ஒன்றில் மிக நுண்ணிய உப்புத்தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். சரிவின் கோணத்தை மாற்றாமல், 30 முதல் 35 டிகிரிக்குள், முனையை நோக்கித் தள்ளாமல் முனையிலிருந்து விலகும் திசையில் இழுங்கள். இரண்டு ஓரத்திலும் இருக்கும் கூரான மூக்குகள் பீடிங்கின் பக்கத்துக் கீறலை உண்டாக்குபவை. அவற்றைச் சிறிய தட்டைக் கல்லால் தனித்தனியாகத் தொடுங்கள், இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று கண்ணாடித் தகட்டில் நிறுத்திப் பாருங்கள். ஒன்று குட்டையாகிவிட்டால் அந்தப் பக்கம் பீடிங் பலகையோடு ஒட்டியே நிற்கும், பிரிந்து தெரியாது. தீட்டி முடித்ததும் மென்மரத்துண்டு ஒன்றின் விளிம்பில் இரண்டு அடி ஓட்டிப் பார்த்துவிட்டு உங்கள் பலகைக்குப் போங்கள்.